ஒரு கண் ஆபரேஷனுக்கு எவ்வளவு கார்பன்? பணக்கார நாடுகள் மதுரையிடம் கேட்கும் கணக்கு

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அப்பத்தாவை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். மதுரையில் இது யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கிற காட்சி இல்லை. "என்னத்தா, கண்ணு ஆப்ரேசனா? அரவிந்தா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். "ஆமாய்யா, ஒரு கண்ணு முடிஞ்சிருச்சு, இன்னொண்ணு அடுத்த மாசம்" என்று பதில் வரும். பெரியார் போய் அண்ணா நகருக்கு பஸ் மாறி, ஆபரேஷனை முடித்துக்கொண்டு வீடு திரும்புவது இங்கே அவ்வளவு சாதாரணம்.

அந்த ஆபரேஷன் முடிந்தபோது குப்பைக் கூடையில் எவ்வளவு விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சுமார் 250 கிராம் என்று பதில் கிடைத்திருக்கும். அதாவது கால் கிலோ. அந்த அறுவை சிகிச்சையால் வளிமண்டலத்துக்குப் போன பசுமைக்குடில் வாயு, கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 6 கிலோ. பைக்கில் மதுரையிலிருந்து திண்டுக்கல் போய்த் திரும்ப ஆகும் பெட்ரோலை எரித்தால் வரும் புகைக்குக் கிட்டத்தட்ட சமம்.

இதே கண்புரை ஆபரேஷனைப் பிரிட்டனில் செய்தால்? வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் ஒரு ஆய்வுக் குழு கணக்குப் போட்டு 2013இல் வெளியிட்டது. ஒரு கண்ணுக்கு சுமார் 180 கிலோ. சின்னக் காரின் பெட்ரோல் டேங்கை இரண்டு முறை முழுசாக நிரப்பி எரித்தால் வருகிற அளவு.

இந்த இடைவெளிதான் கடந்த சில ஆண்டுகளாக அமெரிக்க, ஐரோப்பிய கண் மருத்துவர்களை மதுரைப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கை யார் போட்டது?

மதுரைக்காரர்கள் போடவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசாண்ட்ரா தீல் தலைமையிலான குழு, தென்னிந்தியாவில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளுக்கு வந்து, ஆபரேஷன் தியேட்டரின் குப்பையைத் தரம் பிரித்து எடை போட்டது. மின்சாரம், கருவிகளைச் சுத்தம் செய்யும் நீராவி, துணி, மருந்து, அவற்றைத் தயாரிக்க ஆன ஆற்றல் என எல்லாவற்றையும் கூட்டியது. ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பையாகிறவரை அதன் சுற்றுச்சூழல் செலவைக் கூட்டும் இந்த முறைக்கு 'வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு' என்று பெயர். ஆய்வு 2017இல் வெளிவந்தது. பிரிட்டனில் ஆகும் கார்பன் அளவில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் அரவிந்தில் ஆகிறது, சிகிச்சையின் பலனோ ஒப்பிடக்கூடிய அளவில் இருக்கிறது என்பதே அதன் முடிவு.

ஒரு எச்சரிக்கை. 180 என்பதையும் 6 என்பதையும் நேருக்கு நேர் வைத்து "30 மடங்கு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். கார்டிஃப் கணக்கில் நோயாளியும் ஊழியரும் வந்துபோகும் பயணமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு கணக்குகளின் எல்லைகளும் ஒன்றல்ல. தீல் குழு சொல்லும் '20இல் ஒரு பங்கு' என்பதுதான் பாதுகாப்பான ஒப்பீடு. அதுவே போதுமான அளவு பெரிய விஷயம்.

கார்டிஃப் கணக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த 180 கிலோவில் பாதிக்கு மேல் மருத்துவமனை வாங்கும் பொருட்களால் வந்தது. விளக்கு, ஹீட்டர், கட்டடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மருத்துவமனைக் கூரை முழுக்க சோலார் தகடு பதித்தாலும் தொட முடியாத பகுதி அது.

சரி, இதுக்கும் பசுமைப் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. பொருளாதார வளர்ச்சியையும் சுற்றுச்சூழல் சேதத்தையும் பிரித்துவிட முடியும், உற்பத்தி கூடிக்கொண்டே போகும்போது புகை மட்டும் குறையும் என்பதுதான் 'பசுமை வளர்ச்சி' வாதம். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. இதற்கென்றே 2011இல் ஒரு உத்தி ஆவணம் வெளியிட்டது. காற்றாலை, சூரிய மின்சாரம், மின்சாரக் கார் என்று தொழில்நுட்பம் மாறினால் வாழ்க்கை முறையைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிட்டன் தன் எல்லைக்குள் வெளியிடும் பசுமைக்குடில் வாயு 1990ஐவிட 2022இல் ஏறக்குறைய பாதி. அதே காலத்தில் அதன் பொருளாதாரம் நன்றாக வளர்ந்திருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தை அவர்கள் கைவிட்டது முக்கியக் காரணம். ஆனால் 'தன் எல்லைக்குள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டை வங்கதேசத்தில் தைக்கப்படும், செல்போன் சீனாவில் தயாராகும், அந்தப் புகை அந்தந்த நாட்டுக் கணக்கில் ஏறும். வாங்கிப் பயன்படுத்துகிறவர் கணக்கில் எழுதினால் குறைவு அவ்வளவு அழகாகத் தெரியாது.

அப்படி வாங்குபவர் கணக்கிலேயே எழுதிப் பார்த்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஜேசன் ஹிக்கலும் யெஃபிம் வோகலும் 2023இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் எழுதியது. 2013 முதல் 2019 வரை, இறக்குமதியையும் சேர்த்துப் பார்த்தும்கூட 11 பணக்கார நாடுகளில் பொருளாதாரம் வளர்ந்து, புகை குறைந்திருக்கிறது. அதுவரை நல்ல செய்தி. ஆனால் அதே வேகத்தில் போனால் உமிழ்வை 95 சதவீதம் குறைக்க அந்த நாடுகளுக்குச் சராசரியாக 220 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பேரனின் பேரனுக்கும் பேரன் காலம்.

மின்சாரத்தை மாற்றுவது ஓரளவு சுலபமான பகுதி. வாங்கி எறியும் பொருட்கள்தான் கஷ்டமான பகுதி. மருத்துவத் துறையில் இது அப்பட்டமாகத் தெரியும். உலகின் மொத்த உமிழ்வில் மருத்துவத் துறையின் பங்கு சுமார் 4.4 சதவீதம் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஒரு நாடாக இருந்தால் உலகிலேயே ஐந்தாவது இடம். அமெரிக்காவில் மட்டும் தனியாகப் பார்த்தால் அந்நாட்டு உமிழ்வில் சுமார் 8.5 சதவீதம். பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ். தன் உமிழ்வில் ஏறத்தாழ 62 சதவீதம் வெளியிலிருந்து வாங்கும் பொருட்கள், சேவைகள் வழியே வருவதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது?

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டு ஒரு செயற்கை லென்ஸை வைப்பதுதான் ஆபரேஷன். லென்ஸை அல்ட்ராசவுண்ட் கருவியால் உடைத்து உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. இதை 'ஃபேகோ' என்பார்கள். அந்த மெஷின் இல்லாமல், சின்னக் கீறல் வழியாகக் கையாலேயே லென்ஸை எடுத்து, தையலும் போடாமல் முடிப்பது இன்னொரு முறை. அரவிந்தில் இரண்டும் உண்டு. மேலே சொன்ன 6 கிலோ கணக்கு மெஷின் முறைக்கானது என்பதை நினைவில் வைக்கவும். ஒரே மெஷின், ஒரே வேலை, அப்படியிருந்தும் 20 மடங்கு வித்தியாசம்.

வித்தியாசம் மெஷினைச் சுற்றியிருக்கும் பழக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு கண்புரை ஆபரேஷன் என்றால் ஒரு பெரிய பை பிரிக்கப்படும். உள்ளே நோயாளியை மூடும் விரிப்பு, கவுன், ஊசிக்குழல், குழாய், கிண்ணம், பஞ்சு எல்லாம் ஒரே தடவைக்கு. பாதி பொருட்களைத் தொடாமலேகூட ஆபரேஷன் முடிந்துவிடலாம். பையைப் பிரித்தாகிவிட்டதே, அதனால் அத்தனையும் குப்பைக்குப் போகும்.

அரவிந்தில் அறுவைக் கருவிகள் பெரும்பாலும் எஃகு. ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய தட்டு கழுவப்பட்டு, நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு மறுபடியும் வரும். பல செட் தட்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும். கவுனும் விரிப்பும் துவைத்துப் பயன்படுத்தும் துணி. சொட்டு மருந்துப் பாட்டில் ஒரு நோயாளியோடு முடிவதில்லை, கண்ணில் படாமல் அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் விடப்படும். நோயாளிக்கு நோயாளி அறுவை நிபுணர் கையுறையைக் கழற்றி எறியாமல், கிருமிநாசினியால் சுத்தம் செய்துகொண்டு தொடரும் வழக்கமும் உண்டு. மேலை நாட்டு மருத்துவர்கள் முதலில் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஒரு தியேட்டருக்குள் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். நிபுணர் நுண்ணோக்கியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். ஒரு மணி நேரத்தில் ஆறு, எட்டு என்று முடியும். அதற்கு முன்னும் பின்னும் ஆகும் வேலைகளையெல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த இளம்பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இதைப் பணச் சிக்கனமாகத்தான் எல்லோரும் இதுவரை பேசினார்கள். ஆனால் ஏசியும் விளக்கும் காலையிலிருந்து ஓடும்போது அந்த அறையில் 5 பேருக்கு ஆபரேஷன் நடந்தால் ஒருவர் பங்கு எவ்வளவு, 40 பேருக்கு நடந்தால் எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் கார்பன் சிக்கனமும் அதற்குள்ளேயே இருப்பது புரியும்.

இதில் யாரும் சுற்றுச்சூழலை நினைத்துத் தொடங்கவில்லை என்பதுதான் சுவாரசியம். எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்தக் கையால்தான் ஆபரேஷன் செய்தார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்க, அதில் காசில்லாதவருக்கும் பார்க்க வேண்டும் என்பது திட்டம். அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பஞ்சைக்கூட வீணாக்க முடியாது. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாமல் 1992இல் மதுரையிலேயே 'அரோலேப்' தொடங்கி லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அதே காரணத்துக்குத்தான். நம் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டில் புளி பாட்டிலான கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அய்யோ, கிருமி தொத்திக்காதா?

நியாயமான கேள்வி. இதற்குச் சரியான பதில் இல்லையென்றால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை. 2008இல் விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்த கண் சிகிச்சை முகாமுக்குப் பிறகு 66 பேர் பார்வை இழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கண் ஆபரேஷனில் கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் கண்ணே போய்விடும். 6 கிலோ கார்பனா, 180 கிலோ கார்பனா என்பது அந்தக் குடும்பத்துக்கு ஒரு பொருட்டா?

அதனால்தான் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் ஏற்படும் கடுமையான தொற்றுக்கு 'எண்டாஃப்தால்மைட்டிஸ்' என்று பெயர். அரவிந்த் மருத்துவமனைகளில் அடுத்தடுத்து நடந்த 20 லட்சம் கண்புரை ஆபரேஷன்களின் விவரத்தை 2019இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே 'மாக்ஸிஃப்ளாக்ஸசின்' என்ற ஆன்டிபயாடிக் செலுத்தப்படாதவர்களில் தொற்று 0.07 சதவீதம். செலுத்தப்பட்டவர்களில் 0.02 சதவீதம். அதாவது 10,000 பேரில் 2 பேர். அமெரிக்கக் கண் மருத்துவர்களின் தேசியப் பதிவேட்டில் 2013 முதல் 2017 வரையிலான அளவு 0.04 சதவீதம்.

இதை வைத்து அமெரிக்காவைவிட மதுரை சுத்தம் என்று காலரைத் தூக்கிக்கொள்ளக் கூடாது. அந்த மருந்தின் பங்கு இதில் பெரிது, நோயாளிகளும் வேறு, பதிவு செய்யும் முறையும் வேறு. ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்லலாம். ஒவ்வொன்றையும் எறிந்தால்தான் பாதுகாப்பு என்பதற்கு இந்த எண்கள் ஆதரவு தரவில்லை. அதே சமயம், மறுபயன்பாடு பாதுகாப்பாக இருப்பதற்குப் பின்னால் கடுமையான ஒழுங்கும், ஒவ்வொரு தொற்றையும் எண்ணிப் பதிவு செய்யும் பழக்கமும் இருக்கின்றன. ஊசியையும் சிரிஞ்சையும் கழுவிப் பயன்படுத்தலாம் என்று இதிலிருந்து யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் எறிந்துவிடுவதே மேல்.

அப்புறம் ஏன் அங்கே செய்ய முடியவில்லை?

மருத்துவர்களுக்கு விருப்பமில்லை என்று சொல்ல முடியாது. டேவிட் சாங், கசாண்ட்ரா தீல் முதலானோர் வட அமெரிக்கக் கண்புரை அறுவை நிபுணர்கள், செவிலியர்கள் 1,300 பேருக்கு மேல் கேட்டு 2020இல் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், தியேட்டர் குப்பை மிதமிஞ்சிவிட்டது என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள்.

தடையாக இருப்பது விதிமுறை, வழக்கு பயம், வியாபாரம். ஒரு கருவியை 'ஒருமுறை மட்டும்' என்று தயாரிப்பாளர் அச்சிட்டுவிட்டால், மருத்துவமனை அதை மறுபடி பயன்படுத்துவது சட்டச் சிக்கல். அப்படி அச்சிடுவது தயாரிப்பாளருக்கு லாபம், ஏனென்றால் ஒரு கத்தி விற்கும் இடத்தில் ஆயிரம் கத்தி விற்கும். தப்பித்தவறி ஒரு நோயாளிக்குத் தொற்று வந்தால், கருவியைத் திரும்பப் பயன்படுத்தியதால் வரவில்லை என்று நிரூபிக்கும் சுமை மருத்துவர் தலையில். எறிந்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

எறிவதும் ஆபத்தாகலாம் என்பதற்குப் பிரிட்டனிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. மாட்டுப் பித்த நோய் பயம் உச்சத்தில் இருந்த 2001 ஜனவரியில், இங்கிலாந்தில் டான்சில் ஆபரேஷனுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிகளைக் கட்டாயமாக்கினார்கள். புதிய கருவிகளின் தரம் சரியில்லை, ரத்தக்கசிவு அதிகமானது. அதே ஆண்டு டிசம்பரில் பழையபடி மறுபயன்பாட்டுக் கருவிகளுக்கே திரும்பிவிட்டார்கள்.

சொட்டு மருந்து விஷயம் இன்னும் வேடிக்கை. வடகிழக்கு அமெரிக்காவில் நான்கு இடங்களில் கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்த மருந்துகளை அளந்து பார்த்து 2019இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அளவில் சுமார் 45 சதவீத மருந்து பயன்படாமலேயே எறியப்பட்டது. நோயாளியின் பெயரெழுதிய பாட்டிலை அவரிடமே வீட்டுக்குக் கொடுத்தனுப்பக்கூடப் பல மருத்துவமனைகள் தயங்கின. அவர் வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் அதே மருந்தைப் புதிதாக வாங்குவார்.

இப்போது என்ன மாறுகிறது?

மெதுவாகத்தான் மாறுகிறது. என்.எச்.எஸ். தன் நேரடி உமிழ்வை 2040க்குள்ளும், வாங்கும் பொருட்களையும் சேர்த்து 2045க்குள்ளும் நிகர பூஜ்ஜியமாக்குவதாக இலக்கு வைத்திருக்கிறது. 2022இல் அது சட்டப் பொறுப்பாகவும் ஆனது. கார்பன் டை ஆக்சைடைவிட 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடிய 'டெஸ்ஃப்ளூரேன்' என்ற மயக்க வாயுவை ஸ்காட்லாந்து 2023இலும் இங்கிலாந்து 2024இலும் வழக்கமான பயன்பாட்டிலிருந்து விலக்கின. அதற்குப் பதிலாகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே அலமாரியில் இருந்த வேறு மயக்க மருந்தை எடுத்துக்கொண்டார்கள்.

கண் மருத்துவத்தில், அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து 2022இல் 'ஐசஸ்டெய்ன்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கின. ஒரு சொட்டு மருந்துப் பாட்டிலைப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம், மீதியை நோயாளியிடம் கொடுத்தனுப்பலாம் என்று அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கங்கள் கூட்டறிக்கை வெளியிட்டதும் அதே காலத்தில்தான். 1976இலிருந்து மதுரையில் நடப்பதை அரை நூற்றாண்டு கழித்து மாநாடு போட்டுப் பேசுகிறார்கள் என்று கிண்டல் செய்யத் தோன்றும். ஆனால் விதிமுறைகளால் இறுகிப்போன ஒரு அமைப்பைத் தளர்த்துவது எளிதல்ல, அந்த மருத்துவர்கள் செய்வது கடினமான வேலை.

மதுரையிலிருந்து பணக்கார நாடுகளுக்குப் போன 'பசுமை' யோசனை இது ஒன்று மட்டுமல்ல. திருநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியில், வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் நொறுக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லி மீது பூசி, பிறகு தாரைக் கலந்து ரோடு போடும் முறையை உருவாக்கினார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே போட்டுப் பார்த்தார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பிளாஸ்டிக் கலந்த ரோடுகளைப் பிரிட்டனும் சோதித்துப் பார்த்தது. ஆனால் அது வேறு வகை. எறிந்ததை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அது பதில். எறியாமலே இருக்க முடியுமா என்பதை அது தொடுவதில்லை. ரோடு தேயும்போது பிளாஸ்டிக் துகள் மண்ணில் கலக்குமா என்ற விவாதமும் ஓயவில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மிச்சம் பிடிச்சா நல்லதுதானே?

எப்போதும் அல்ல. இங்கே 1865க்குப் போக வேண்டும். பிரிட்டனின் நிலக்கரி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். நீராவி இயந்திரம் குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியபோது கரிச் செலவு குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை, கூடியது. மலிவானதும் எல்லா ஆலைகளும் இயந்திரம் வைத்துக்கொண்டன. எல்.இ.டி. பல்பு வந்த பிறகு கல்யாண மண்டபத்தில் சீரியல் செட் எத்தனை மடங்கானது என்று யோசித்தால் புரியும். பசுமைத் தொழில்நுட்பத்தை மட்டுமே நம்புகிறவர்களைத் துரத்தும் பேய் இதுதான்.

அரவிந்திலும் இது நடந்திருக்கிறது. ஒரு ஆபரேஷனின் செலவு குறைந்ததால் ஆபரேஷன்களின் எண்ணிக்கை ஏறியது, ஆண்டுக்கு லட்சக்கணக்கில். மொத்தக் கார்பனும் அதோடு ஏறியிருக்கும். ஆனால் இங்கே அந்த ஏற்றம் யாருக்குப் போனது? உலகில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. ஒரு ஆபரேஷன் கூடுவது ஒருவர் மறுபடி களை பறிக்க, கணக்கெழுத, பேத்தியின் முகத்தைப் பார்க்க முடிவது. சீரியல் செட் கூடுவதையும் இதையும் ஒரே தராசில் வைக்கலாமா? உமிழ்வு குறைந்ததா, கூடியதா என்று மட்டும் கேட்கும் பொருளாதார வாதங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. எதற்காகக் கூடியது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அரவிந்த் முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. தீல் குழுவின் கணக்குப்படி அங்கே ஆகும் சுற்றுச்சூழல் பாதிப்பில் பெரும்பகுதி கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வதில் வருகிறது. நீராவிக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். மதுரையில் தண்ணீர் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. மின்சாரமோ, இந்தியாவில் இன்னும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அதாவது நமக்கு மீதமிருக்கும் வேலை பிரிட்டனுக்கு நேர் எதிர். அவர்கள் மின்சாரத்தைச் சுத்தமாக்கிவிட்டுப் பொருளைக் குறைக்கத் திணறுகிறார்கள். இங்கே பொருள் ஏற்கெனவே குறைவு, மின்சாரம்தான் மாற வேண்டும். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவை இன்னும் பெருகினால் அந்த 6 கிலோவும் தானாகக் குறையும்.

நம்ம ஊர் எந்தப் பக்கம் போகுது?

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. எறிவது இப்போது நம்மிடையே அந்தஸ்தாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் முகம் சுளிக்கிறவர்கள், சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்தால் "நீட்டா பண்ணிருக்காங்க" என்கிறார்கள். டீக்கடைக் கண்ணாடி கிளாஸைவிடப் பேப்பர் கப் சுத்தம் என்ற எண்ணம் கொரோனாவுக்குப் பிறகு வலுத்திருக்கிறது. தமிழக அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. 'மீண்டும்' என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அதற்குள் வந்துவிட்டோம்.

மருத்துவத்திலும் அதே காற்றுதான் வீசுகிறது. பையோடு வரும் ஒருமுறைப் பொருட்கள் 'சர்வதேசத் தரம்' என்ற பெயரில் வருகின்றன. நோயாளியின் பில்லில் அவை 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற தலைப்பில் தனியாக ஏறும். இன்சூரன்ஸ் இருப்பவர்களும்கூட அந்த வரியைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள், ஏனென்றால் பல பாலிசிகள் அதற்குப் பணம் தருவதில்லை. இந்தியாவில் மக்கள்தொகை மூப்படைகிறது. வரும் ஆண்டுகளில் கண்புரை ஆபரேஷன்கள் கூடத்தான் போகின்றன. அவை ஒவ்வொன்றும் கால் கிலோ குப்பையோடு முடியுமா, பை பையாக எறிந்து முடியுமா என்பது பில் தொகையையும் தீர்மானிக்கும்.

மறுபயன்பாட்டுக்குத் தெளிவான அரசு விதி வந்தால் நல்லது. எந்தக் கருவியை எத்தனை முறை, எப்படிக் கிருமிநீக்கம் செய்து, எப்படிப் பதிவு செய்து பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்தால், ஒழுங்காகச் செய்கிற மருத்துவமனைக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஒழுங்கில்லாமல் செய்கிறவரைப் பிடிக்கவும் வழி இருக்கும். தொற்று எண்ணிக்கையை எல்லா மருத்துவமனைகளும் வெளியிட வேண்டும் என்பதும் அதோடு சேர வேண்டும். எண்ணாமல் வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுவது ஆபத்து.

மூன்றாவது ஸ்டாப் அப்பத்தாவுக்கு அடுத்த மாதம் இரண்டாவது கண். கேட்டால் அவர் சொல்லப்போவது வேறு கவலையாக இருக்கும்: பெரியாரில் இறங்கி அடுத்த பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை, யாராவது பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்த கண்ணால் இப்போதே கொஞ்சம் படிக்க வருகிறதாம்.